தூக்குவலையும் தீர்மானம் பதினான்கும்

மனிதன் கடலை வென்ற நாட்கள் வரலாற்றில் மிகச் சில. அவற்றில் ஒன்று எங்கள் ஆழிக்கடவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு நிகழ்ந்தது. அன்றுதான் ஆழிக்கடவு கடல் தூண்டிலாளர் சங்கம் உதயமாயிற்று. அன்றுதான் கேப்டன் பிரபாகரக் குறுப்பு அதன் தலைவராக, ஆகவே ஏறக்குறைய அரபிக்கடலுக்கே தலைவராக, ஏழுக்கு ஐந்து வாக்குகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதின்மூன்றாவது உறுப்பினர் இரை வாங்கப் போயிருந்தார்.

கேப்டன் எந்தக் கப்பலையும் ஓட்டியவர் அல்ல. கல்லூரியில் படிக்கும்போது வாலிபால் அணிக்குக் கேப்டனாக இருந்தார். அணி அந்த வருடமே கலைந்துவிட்டது. பட்டம் மட்டும் கலையவில்லை. கல்யாணப் பத்திரிகை, வீட்டு வாசல் பலகை, ரேஷன் கடைக்காரரின் வாய் என்று எல்லா இடத்திலும் அது ஊறிப்போய்விட்டது.

நான் சங்கத்தின் செயலாளர், பவித்ரன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் நிலத்தின் நான்கு எல்லைகளை எழுதி ஓய்வு பெற்றவன். கையெழுத்து நன்றாக இருக்கும். சங்கத்துக்கு என்னிடம் தேவைப்பட்டதும் அதுதான்.

எங்கள் கடல்பாலம் வெள்ளைக்காரன் மிளகு ஏற்றக் கட்டியது. கரையிலிருந்து முந்நூறு அடி கடலுக்குள் நீண்டு நிற்கிறது. மிளகும் போயிற்று, வெள்ளைக்காரனும் போனான். இரும்புத் தூண்களும் அவற்றைச் சுற்றி மேயும் மீன்களும் மிச்சம். பாலம் உயரம். மத்தி, அயிலை என்றால் தூண்டில் நரம்போடு தூக்கிவிடலாம். மூன்று கிலோவுக்கு மேல் போனால் நரம்பு அறும், இல்லையென்றால் மீனின் வாய் கிழியும். அப்போது மேலிருந்து ஒரு வளையவலையைக் கயிற்றில் இறக்கி, மீனை அதன்மேல் நீந்த வைத்து, அப்படியே அள்ளித் தூக்க வேண்டும். அதற்குப் பெயர் தூக்குவலை.

பாலத்தில் ஒரே ஒரு தூக்குவலைதான் இருந்தது. அது குஞ்ஞாமினாவுடையது.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அவளே பின்னிக் கட்டிய வலை. பாலத்தின் நுனியில், இடதுபக்கம் மூன்றாவது தூணுக்கு மேலே அவள் இடம். தூண்டில் கோல் கிடையாது, ரீல் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நரம்பு, சுட்டுவிரல், அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக அந்த விரலால்தான் ஒரு வீடு ஓடியது. யாருக்குப் பெரிய மீன் விழுந்தாலும், "இத்தா!" என்று, அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரு சத்தம் போட்டால் போதும், வலையோடு வந்துவிடுவாள். மீன் மேலே வந்ததும் அங்கேயே வெட்டுக்கத்தியை எடுத்துத் தலையை வெட்டி எடுத்துக்கொள்வாள். வலை இறக்குபவருக்குத் தலை. இது பாலத்து வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறந்ததும் இல்லை.

மலபாரில் மீன்தலை என்றால் சும்மா இல்லை. உடம்பை விருந்தாளிக்கு வைத்துவிட்டுத் தலையை அடுக்களையில் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. இருந்தாலும், தலை போவது பற்றி யாரும் சண்டை போட்டதில்லை, கேப்டனின் படம் பத்திரிகையில் வரும்வரை.

ஒன்பது கிலோ கொடுவா. கேப்டன் பிடித்தது, குஞ்ஞாமினா தூக்கியது. புகைப்படக்காரன் வந்து சேர்வதற்குள் வழக்கம் நடந்து முடிந்துவிட்டது. மறுநாள் ஆறாம் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கேப்டன் சிரித்துக்கொண்டு நின்றார். கையில் தலையில்லாத மீன்.

டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டிவைத்தார்கள். "தலை உள்ளது கேப்டன், தலை இல்லாதது மீன். குழப்பிக்காதீங்க" என்று டீ ஆற்றுபவன் வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னான்.

அந்த வாரமே அவசரச் செயற்குழு கூடியது.

"கேரளத்துல ஜமீன் ஒழிஞ்சு எத்தனை வருஷமாச்சு?" என்று கேப்டன் மேசையைத் தட்டினார். "நான் பிடிச்ச மீனோட தலையை இன்னொருத்தர் கொண்டுபோறதாம்! இது வரி இல்லையா? கப்பம் இல்லையா?"

"கேப்டன், வலை அவங்களோடது. இழுக்கிற கையும் அவங்களோடது" என்றார் பொருளாளர் உம்மர் கோயா. மஸ்கட்டில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர். எதையும் விலை கேட்டுப் பழகியவர்.

"கை எல்லாருக்கும்தான் இருக்கு, கோயா. சங்கமே ஒரு வலை வைக்கும். எஃகு வலை. துருப்பிடிக்காதது."

அப்படிப் பிறந்ததுதான் தீர்மானம் எண் பதினான்கு. ஒன்று, சங்கம் தனக்கென நவீன தூக்குவலை அமைக்கும். இரண்டு, உறுப்பினர் அல்லாதோர் கடல்பாலத்தில் தூண்டில் இடவோ வலை வைத்திருக்கவோ கூடாது. மூன்று, கோலும் ரீலும் இல்லாதவர் உறுப்பினராக முடியாது. கைப்பிடிக் கம்பிக்கு நாங்கள் பெயின்ட் அடித்துக் கொடுத்ததற்குப் பதிலாக, பாலத்தை 'ஒழுங்குபடுத்தும்' அதிகாரத்தை நகரசபை ஒரு கடிதத்தில் எங்களுக்குத் தந்திருந்தது. அடித்தது ஒரு கை பெயின்ட்தான். அதிகாரம் இரண்டு கை.

தீர்மானம் பதின்மூன்று பேரின் சம்மதத்தோடு நிறைவேறியது. அந்தப் பதின்மூன்றில் நானும் ஒருவன்.

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்குத்தான். குஞ்ஞாமினா அதை இரண்டு முறை படித்தாள்.

"உங்க எழுத்தா, பவித்ரேட்டா? முத்து முத்தா இருக்கு."

"ஆமினா, ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும்னு…"

"படிச்சேன். பாலம்னு போட்டிருக்கு. கைப்பிடின்னு போட்டிருக்கு. தூண்னு கூடப் போட்டிருக்கு. கடலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

"கடல் யாரோடதும் இல்ல…"

"அதைத்தான் நானும் சொல்றேன். போய் உங்க கேப்டன்கிட்டயும் சொல்லுங்க." நோட்டீஸைத் தடவிப் பார்த்தாள். "பேப்பர் நல்ல கெட்டி. மத்தி பொதிஞ்சா ஊறாது."

என் கண் முன்னாலேயே பொதிந்தாள்.

எஃகு வலை கொச்சியிலிருந்து வந்தது. வளையம் பளபளவென்று கோயில் விளக்கு மாதிரி இருந்தது. சுற்றி இறக்க ஒரு சக்கரம், எஃகு வடம், சங்கத்தின் பெயரும் தலைவரின் பெயரும் பொறித்த தகடு. வடத்தின் நீளத்தை அளந்து சொன்னவன் நான். ஒரு மத்தியானம் சாப்பாடு முடித்து, கட்டன் சாயாவும் குடித்து, கைப்பிடியிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினேன். பத்தொன்பது அடியில் தண்ணீர். ஒன்றிரண்டு அடி கூடப் போடலாமா என்று கேட்டேன்.

"துல்லியம்தான் நாகரிகம், பவித்ரா" என்றார் கேப்டன். "வடம் தொங்கிக்கிட்டுக் கிடந்தா அது மீன்சந்தை. பத்தொன்பதுன்னா பத்தொன்பது."

சங்கத்தில் பதின்மூன்று பேர். எல்லோரும் கடலோரத்தில் பிறந்தவர்கள். நான் அளந்தது பௌர்ணமி நாளில், கடல் முழுதாக ஏறி நின்ற நேரத்தில் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பாலத்தில் தோரணம், ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலி, தலைநகரிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி. அவருக்கு எட்டரைக்கு வேறோர் ஊரில் வேறொரு ரிப்பன் காத்திருந்தது. நுனியில், மூன்றாவது தூணுக்கு மேலே, தோரணத்துக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு குஞ்ஞாமினா நரம்பை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் வலை.

கேப்டன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பாதுகாப்புக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் சுகுணனிடம் பல்லைக் கடித்தார். சுகுணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளிடம் போனான்.

"இத்தா, உங்களைப் போகச் சொல்லச் சொன்னாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நானும் கேட்டுட்டேன்."

சுகுணன் கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்தான். "இன்னிக்கு என்ன இரை?"

"இறால். நீ அந்தப் பக்கம் நில்லு மோனே, நிழல் தண்ணியில விழுது."

சுகுணன் தள்ளி நின்றான். அவளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றால் பெண் போலீஸ் வேண்டும், பெண் போலீஸ் வேண்டும் என்றால் மனு வேண்டும் என்று கேப்டனுக்குத் தூரத்திலிருந்தே சைகையில் விளக்கினான். அவ்வளவு நீளமான விஷயத்தைச் சைகையில் சொல்லக் கேரளப் போலீஸால் மட்டுமே முடியும்.

அதிகாரி ரிப்பனை வெட்டினார். கடலும் மனிதனும் என்று பதினான்கு நிமிடம் பேசினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பிறகு கேப்டன் முதல் தூண்டிலைச் சம்பிரதாயமாக வீசினார். சம்பிரதாயம் என்றால், வீசிவிட்டு உடனே சுற்றி எடுத்துவிட்டுச் சிற்றுண்டிக்குப் போவது. ஆனால் ஒரு மத்தியை முழுசாகக் கொக்கியில் குத்தியிருந்தார். கீழே இருந்த எதற்கோ விழா நிகழ்ச்சிநிரல் தெரியவில்லை.

கோல் வில்லாக வளைந்தது.

"விழுந்துருச்சு!" என்று கேப்டன் கத்தியது ஒலிபெருக்கி வழியாகக் கடைத்தெருவரை கேட்டது. "கொடுவா! பதினைந்து கிலோவுக்குக் குறையாது! சங்கத்தின் வலை இறங்கட்டும்!"

கைத்தட்டலுக்கு நடுவே நான் சக்கரத்தைச் சுழற்றினேன். வலை பளபளத்துக்கொண்டே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. எட்டிப் பார்த்தேன். கடல் இறங்கியிருந்தது. தண்ணீருக்கு நான்கடி மேலே எங்கள் நவீன தூக்குவலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் விடு!"

"இவ்வளவுதான் கேப்டன்."

"இவ்வளவுதான்னா?"

"பத்தொன்பதுன்னா பத்தொன்பது."

நாற்காலிகளில் சிரிப்பு முளைத்தது. உம்மர் கோயாதான் வழி கண்டுபிடித்தார். வலையை மேலே ஏற்றி, வடத்திலிருந்து கழற்றி, நடுவில் ஏதாவது துணி கட்டி நீட்டினால் போதும். துணி? எல்லோரும் ஒரு கணம் தங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோர் பார்வையும் அதிகாரியின் தோளுக்குப் போயிற்று. அவர் பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தார், பெருந்தன்மையோடுதான். பட்டு மாதிரி மின்னும் புதுத் துணி. கோயா அதன் ஒரு நுனியை வடத்தில் இறுக்கிவிட்டு, மறு நுனியை வலையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். வலை தண்ணீரைத் தொட்டது. முதல் அலை தட்டியதும் மூன்று முடிச்சும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் அவிழ்ந்தன. சங்கத்தின் பெயரும் தலைவரின் பெயரும் பொறித்த தகட்டோடு வலை கடலுக்குள் போயிற்று. பொன்னாடை மட்டும் வடத்தின் நுனியில் கொடி போலப் பறந்தது.

துருப்பிடிக்காது என்பது ஒன்றே ஆறுதல்.

மீன் மட்டும் போகவில்லை. கேப்டனின் வயிறு கைப்பிடியில் அழுந்தியிருந்தது. இரண்டு கையும் கோலைப் பிடித்திருந்தன. கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது, தள்ளிவிட ஒரு விரல் கூடக் கையில் மிச்சமில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் குஞ்ஞாமினாவைப் பார்க்கவில்லை, அதாவது எல்லோரும் பார்த்தோம்.

கடைசியில் கோயாதான் போனார். "இத்தா, அந்த வலையை ஒண்ணு இறக்கினா…"

"எப்படி இறக்குறது கோயா இக்கா? நான் இங்க வலை வெச்சிருக்கவே கூடாதே. இல்லாத வலையை இறக்கச் சொல்றீங்களே?"

"தலை முழுசா உங்களுக்குத்தான். கேப்டன்கிட்ட நான் பேசறேன்."

"தலை எனக்கு வேண்டாம்." அவள் நரம்பைப் பாட்டிலில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தாள். "பதினெட்டு வருஷமா நிக்கிறேன். இந்தக் கம்பிக்கு பெயின்ட் இல்லாதப்பவும் நின்னேன். போன கர்க்கடக மழையில கடல் பாலத்துமேல ஏறினப்ப உங்க சங்கம் எங்க இருந்துச்சு? என் வலை வேணும்னா தீர்மானத்தை வெட்டுங்க. இப்பவே, இங்கயே, புத்தகத்துல. பவித்ரேட்டன் கையால."

ஒலிபெருக்கி திறந்தே இருந்தது. கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

"முடியாது!" என்றார் கேப்டன், கடலைப் பார்த்தபடியே. "மீன் போனா போகட்டும்! கொள்கை போகாது!"

மீன் அவரை ஒரு அடி இழுத்தது.

"வோட்டுக்கு விடுங்க கேப்டன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வோட்டு! வோட்டு!" என்று நாற்காலிகளும் சேர்ந்துகொண்டன. மலையாளி எதைத் தடுத்தாலும் தடுப்பான், ஓட்டெடுப்பைத் தடுக்கமாட்டான். கேப்டனுக்கும் ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருந்தது.

"சரி! விதி நாலு! கை தூக்கினாத்தான் வோட்டு! தோளுக்கு மேல! வாயால சொன்னா செல்லாது! பவித்ரா, எண்ணு!"

நான் தீர்மானப் புத்தகத்தோடு நடுவில் நின்றேன். "தீர்மானம் பதினாலை ரத்து செய்ய ஆதரவா இருக்கிறவங்க?"

கோயா தூக்கினார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் தூக்கினார்கள். ஐவருமே போன வருடம் குஞ்ஞாமினாவின் வலையில் பெரிய மீன் ஏற்றியவர்கள். ஆறு.

கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையை வாலிபால் காலத்திலிருந்தே பழகி வைத்திருந்தார். அவரால் சேர்க்கப்பட்டவன் நான். அவர் கிழித்த கோட்டை இதுவரை தாண்டாதவன்.

என் கை எழுந்தது. புத்தகத்தோடு, தோளுக்கு மேலே, எல்லோரும் பார்க்க.

"ஏழு!" என்று கோயா கத்தினார்.

"பவித்ரா!" என்றார் கேப்டன்.

"எதிர்ப்பவங்க?" என்று கேட்டேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவது கை கேப்டனுடையது. அது கோலில் இருந்தது.

"நானும் எதிர்க்கிறேன்! எழுது!"

"கையைத் தூக்குங்க கேப்டன் சாரே" என்றாள் குஞ்ஞாமினா. "தோளுக்கு மேல."

அவர் ஒரு விரலை விடுவித்துப் பார்த்தார். கோல் துள்ளியது. விரல் திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.

ஏழுக்கு ஐந்து. நான் புத்தகத்தைக் கைப்பிடிமேல் வைத்து, பதினான்காம் தீர்மானத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் வந்து படித்தாள். தேதி விட்டுப்போயிருந்ததைக் காட்டினாள். தேதியும் போட்டேன்.

அப்புறம் நடந்தது இரண்டு நிமிட வேலை. வண்டிச்சக்கர வலை, தேவைக்கு மேல் பத்தடி தளர்ந்து கிடக்கும் கயிற்றில், சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போயிற்று. "இடது பக்கம் நடங்க. இழுக்காதீங்க, விடுங்க. அது சும்மா வரும். விடுங்கன்னா!" என்று அவள் அதட்ட, கேப்டன் கேட்டு நடந்தார். "சுகுணா, கயிறைப் பிடி!" சட்டமும் சேர்ந்து இழுத்தது.

மேலே வந்தது திருக்கை. வாசல் பாய் அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில், யாரைப் பற்றியும் அக்கறை இல்லாத முகத்தோடு. அடித்தரையில் அட்டை போல ஒட்டிக்கொண்டதைத்தான் அவ்வளவு நேரமும் கேப்டன் கொடுவாவின் வீரம் என்று வர்ணித்திருக்கிறார். எங்கள் போட்டி விதிப்படி திருக்கையும் கெளுத்தியும் மீனே அல்ல.

குஞ்ஞாமினா காலால் அதன் வாலை அழுத்தி, விஷமுள்ளை ஒரே வெட்டில் எடுத்துக் கடலில் எறிந்தாள். பிறகு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பார்த்தாள். திருக்கைக்கு எது தலை, எது உடம்பு என்று கடவுளே கோடு போட்டு வைக்கவில்லை.

"எனக்கு இதுல பங்கு வேண்டாம். முழுசா நீங்களே கொண்டுபோங்க" என்றாள். "படம் எடுக்கிறவனைக் கூப்பிடுங்க. இந்தத் தடவை எல்லாம் ஒட்டியே இருக்கு."

தன் இடத்துக்குப் போய், பாட்டிலிலிருந்து நரம்பை அவிழ்த்தாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அவள் மூன்றாவது தூணுக்கு மேலேதான் நிற்கிறாள். கேப்டன் அந்த ஓட்டெடுப்பைச் சங்கத்தின் பெருந்தன்மை என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் ஊர் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. டீக்கடையில் என்னிடம் காசு வாங்குவதில்லை. பார்க்கிறவர்கள் முஷ்டியை உயர்த்தி, "பவித்ரேட்டா, ஏழாவது கை!" என்கிறார்கள். வாசகசாலை ஆண்டுவிழாவில் அதிகாரத்தின் முன் தனிமனிதத் துணிவு என்ற தலைப்பில் என்னைப் பேசவைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன், கண் கலங்கியவர்கள் உண்டு. பெரிய மீன் ஏறும் நாளில் குஞ்ஞாமினா தலையைப் பிளந்து ஒரு பாதியை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள். "கேப்டன் முறைச்சுப் பார்த்தும் கையை இறக்காத மனுஷன்" என்று அவள் சொன்னதாக என் மனைவியிடம் வந்து சொல்கிறார்கள்.

அன்று என் சட்டைப் பையில் இரைக்கு வாங்கிய ஒரு பொட்டலம் இறால் இருந்தது. அதைக் கொத்த வந்த காக்கையை விரட்டத்தான் கையைத் தூக்கினேன்.